ஒட்டுப்போட்ட இடம்

வெள்ளிக்கிழமை காலையில் ரஞ்சிதம் மூன்றாவது முறையாக அதையே சொன்னாள்.

"சிஸ்டர், அவரு சரியில்ல."

நர்ஸ் சூசைமேரி பக்கத்துக் கட்டில்காரருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டையைக் கழற்றியபடியே திரும்பினாள். "இன்னா சரியில்லம்மா? வலிக்குதுங்கறாரா?"

"வலின்னு அவரு வாயத் தொறக்க மாட்டாரு. ஆனா சரியில்ல. மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது."

"மூஞ்சி ஒரு மாதிரி இருக்குதுன்னு அட்டையில எழுத முடியுமாம்மா?"

சூசைமேரி அதைக் கோபமாகச் சொல்லவில்லை. முப்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ்கள் இருந்த வார்டு அது. இருந்தும் வந்தாள். ரஞ்சிதத்தின் புருஷன் பஞ்சநாதனின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, உதடு அசைய எண்ணினாள். நாடி நூற்றுப் பன்னிரண்டு. காய்ச்சல் நூறைத் தாண்டியிருந்தது. இரண்டையும் எழுதி, எண்களுக்குக் கீழே ஒரு கோடும் போட்டாள்.

பத்து மணிக்கு வந்த இளம் டாக்டர் சிந்துஜா அந்தக் கோட்டைப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்து ஒருமுறை அழுத்தினாள். பஞ்சநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

"நாலாவது நாள்தானே. லேசா காய்ச்சல் வரும். நடக்க வைங்க."

"தோள்பட்டை குத்துதுன்னு ராவெல்லாம் தேச்சிவிடச் சொன்னாரும்மா. வயித்துல ஆபரேசன் பண்ணா தோளு ஏன் குத்தணும்?"

"படுத்தே இருந்தா குத்தும்."

"உள்ள ஏதாவது கசியுதோன்னு…"

"அம்மா." டாக்டர் சிந்துஜா அடுத்த கட்டிலுக்குப் பாதி திரும்பிவிட்டாள். "ஒட்டின இடத்துல சீலன்ட் பசை போட்டிருக்கு. பெரிய சார் தன் கையாலயே போட்டாரு. அதெல்லாம் கசியாது. நீங்க பயந்து அவரையும் பயமுறுத்தாதீங்க."

ரஞ்சிதம் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியும் சொல்லாதது போலவே நிற்பது, ஓங்கிய கையை யாரோ பிடித்துக்கொண்டது போல இருந்தது.

பஞ்சநாதனுக்குக் குருசுக்குப்பத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற வேலை. பாறையில் உரசிய படகு, அலை தூக்கி மோதிய படகு, எது வந்தாலும் உடைந்த இடத்தைத் தேய்த்தெடுத்து, கண்ணாடி இழைப்பாய் வைத்து, ரெசின் என்ற பிசினும் அதை இறுகவைக்கும் மருந்தும் கலந்து பூசிக் கொடுப்பான். ஆறு மாதமாகச் சாப்பிட்டது தங்காமல் இளைத்துக்கொண்டே போனான். இரைப்பையின் கீழ்ப்பாதியில் புற்றுநோய் என்று தெரிந்தது. திங்கட்கிழமை அந்தப் பாதியை வெட்டி எடுத்து, மீதி இரைப்பையோடு சிறுகுடலை இணைத்துத் தைத்திருந்தார்கள். இணைப்புக்குப் பக்கத்தில் இருந்து ஒரு ரப்பர் குழாய் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, கட்டிலோரம் தொங்கும் பையில் முடிந்தது. உள்ளே ஊறும் நீர் அதில் வடியும்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் பெரிய டாக்டர் ஆனந்தராஜ் தாமே வந்து உட்கார்ந்து விளக்கியிருந்தார். நல்ல மனிதர். நோயாளியின் தொழில் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்.

"தையல் போட்ட பிறகு மேல ஒரு பசை பூசுவேன். மனுஷ ரத்தத்துல இருக்கற புரதத்துலேருந்து எடுக்கறது. ரெண்டு ஊசிக்குழாய் ஜோடியா இருக்கும். அழுத்தினா ரெண்டும் முனையில கலந்து, பட்ட இடத்துல இறுகிடும்."

பஞ்சநாதன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு கலவையா? அப்ப இது நம்ம ரெசின் வேலைதான் சார்!"

டாக்டர் சிரித்தார். "ஆமா, அதே மாதிரிதான்னு வச்சுக்குங்க."

அதற்குப் பிறகும் அவர் பேசினார். பசை தையலுக்குத் துணைதான், எல்லாக் கசிவையும் அது தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது, சதை தானாகக் கூடுவதற்கு ஒரு வாரம் ஆகும் என்றெல்லாம் சொன்னார். ரஞ்சிதம் கேட்டாள். பஞ்சநாதன் கேட்கவில்லை. அவனுக்கு 'அதே மாதிரிதான்' என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மயக்கம் தெளிந்ததும் பக்கத்துக் கட்டில் பிரகாசத்திடம், "நம்ம வயித்துக்கு ஃபைபர் ஒட்டு போட்டாச்சு, அண்ணே" என்றான். ஊசி போட வந்தவர்கள், தரை துடைக்க வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னான்.

பிரகாசம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். எழுபது வயது. பெண்கள் யாராக இருந்தாலும் பிரெஞ்சுக்காரர் பாணியில் 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார். தலையணைக்கடியில் செபமாலை வைத்திருப்பார். பாதிரியாரைப் பற்றிய நகைச்சுவைகளும் வைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை மதியம் ரஞ்சிதம் குளித்து மாற்றுப்புடவை எடுத்துவர வீட்டுக்குப் போனாள். போகும்போது பிரகாசத்திடம், "கொஞ்சம் பாத்துக்குங்க. மணிக்கு ரெண்டு மூடி தண்ணிதான் கொடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்று பாட்டில் மூடியைக் காட்டிவிட்டுப் போனாள். அவர் நெஞ்சில் கை வைத்து, "உத்தரவு மதாம்" என்றார்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது பஞ்சநாதன் கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மின்விசிறிக்குக் கீழேயும் நெற்றி வேர்த்திருந்தது. கட்டிலோரம் தொங்க வேண்டிய பையைக் காணோம்.

"பை எங்கய்யா?"

"இங்கதான் இருக்குது. குளுருது, போர்த்திட்டேன்."

"பைக்கா குளுருது?"

போர்வையை விலக்கினாள். பை அவன் தொடையோரம் ஒதுங்கிக் கிடந்தது. காலையில் கழுநீர் போல இருந்த நீர் இப்போது கருஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறியிருந்தது.

அவள் நர்ஸுகளின் மேசைக்கு ஓடினாள். டாக்டர் சிந்துஜா அங்கே ஒரு காதில் தொலைபேசியும் எதிரே கோப்பு அடுக்குமாக உட்கார்ந்திருந்தாள். கைகாட்டி நிறுத்தினாள். ரஞ்சிதம் நின்றாள். பேச்சு முடிந்ததும் மறுபடி மணி அடித்தது. மறுபடி நின்றாள். கடைசியில் டாக்டர் எழுந்து வந்து, பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பழைய ரத்தம். உள்ள தேங்கினது கரைஞ்சு வரும்."

"ரத்தம் இந்தக் கலர்ல இருக்காதும்மா. நான் தெனம் மீன் அறுக்கறவ."

"மீன் ரத்தம் வேற, மனுஷ ரத்தம் வேற. நாளைக்குக் காலையில சார் வந்து பாப்பாரு. சீலன்ட் போட்ட கேஸ்மா இது, உங்ககிட்ட எத்தனை வாட்டி சொல்றது?"

அவள் கெட்டவள் இல்லை. முந்தின நாள் காலையிலிருந்து தூங்காதவள். படித்த படிப்பும் பெரியவர் கைத்திறனும் அந்தப் பசையில் சேர்ந்திருப்பதாக நம்பினாள். நம்பிக்கை நல்லதுதான். எதிரில் நிற்கிறவர் சொல்வது காதில் விழாத அளவுக்கு அது வளர்ந்துவிடும்போதுதான் ஆபத்து.

ரஞ்சிதம் கட்டிலுக்குத் திரும்பினாள். அழுகை வரவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது. குழாய் வெளிவரும் இடத்தில் சுற்றியிருந்த பஞ்சுத்துணி நனைந்து கிடப்பதைக் கண்டாள். குனிந்து மோந்தாள். கூடையில் முப்பது மீன் இருந்தால் அதில் கெட்டது எது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடும் மூக்கு அது. சீழ் வாடை இருந்தது. அதற்கு மேலே, ஆஸ்பத்திரியில் இருக்கவே கூடாத ஒரு இனிப்பு வாடையும் இருந்தது.

திராட்சைச் சோடா.

நிமிர்ந்தாள். பிரகாசத்தின் கட்டிலுக்கடியில் ஒரு வெற்றுப் பாட்டில் படுத்திருந்தது.

"ஐயா, அது இன்னா பாட்டிலு?"

பிரகாசம் செபமாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தொண்ட காயுதுன்னு கெஞ்சினாரு, மதாம். தண்ணி வாணாம், கலரு சோடாதான் வேணும்னாரு. ஒரு வாய்தான்னு சத்தியம் பண்ணாரு. வாங்கிக் கொடுத்துட்டு நான் பாத்ரூம் போய் வர்றதுக்குள்ள பாட்டில் காலி. கிழவன் புத்தி, மதாம். எனக்கும் மத்தியானத்துலேருந்து மனசு ஆறல."

ரஞ்சிதம் புருஷனைப் பார்த்தாள். அவன் இன்னும் சுவர்ப்பக்கம்தான் இருந்தான்.

"யோவ், திரும்புய்யா. கலரு சோடாதான் வேணும்னு ஏன் கேட்ட?"

அவன் சுவரிடமே சொன்னான். "ஒட்டுப் போட்டா தண்ணி ஊத்திப் பாக்கணுமில்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அடுத்த கணம் புரிந்துவிட்டது. ஒட்டுப் போட்ட படகைக் கட்டைமேல் ஏற்றிவைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, அதில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் கலப்பான். வெளியே எங்காவது நீலம் பூத்தால் அந்த இடத்தில் கசிகிறது என்று அர்த்தம். நீலம் பூக்காத படகைத்தான் உரியவனிடம் ஒப்படைப்பான். முப்பது வருடத்தில் அந்தச் சோதனை இல்லாமல் ஒரு படகையும் அவன் அனுப்பியதில்லை.

"உன் வயித்துக்குமாய்யா?"

"காலையிலேருந்து உள்ள சுருக்கு சுருக்குனு இருந்துது. டாக்டரம்மா கசியாதுன்னு சொல்லிடுச்சு. நீ கசியுதுங்கற. யாரு சொல்றது நெசம்னு பாத்துடலாம்னுதான்…" திரும்பினான். கண்கள் உள்ளே போயிருந்தன. "ஒரு மணி நேரத்துல பையில கலரு ஏறுச்சு ரஞ்சி."

"பாத்துட்டு மூடி வச்சியா!"

"சத்தம் போடாத. சொன்னா இன்னா பண்ணுவாங்க தெரியுமா? ஒட்டு கசிஞ்சா மேல பூச முடியாது. பழசெல்லாம் தேச்செடுத்துட்டு மொதல்லேருந்துதான். மறுபடி அறுப்பாங்க. என்னால முடியாது. ரெண்டு நாள் உடு, தானா இறுகிடும். எம்மேல ஆணையா யாருகிட்டயும் சொல்லாத."

"தானா இறுகுன படகு ஒண்ணு காட்டுய்யா. அப்பறம் சும்மா இருக்கேன்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை கொதித்தது. அதை விடுவித்துக்கொள்வதற்கு ரஞ்சிதம் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அம்மா தாயே, நான் இவருக்குத் துரோகம் பண்ணலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

மேசையில் டாக்டர் இல்லை. சூசைமேரிதான் இருந்தாள். ரஞ்சிதம் முழுவதையும் சொன்னாள். சூசைமேரி திட்டவில்லை. நேராகக் கட்டிலுக்கு வந்தாள். முகமூடியை இறக்கிவிட்டு, அந்தப் பஞ்சுத்துணிக்கு அருகே குனிந்து மோந்தாள். இன்னொருத்தி மூக்கை நம்பி, அருவருக்காமல் தன் மூக்கையும் அங்கே கொண்டுபோனாள். அதைப் பார்த்த பிறகுதான் ரஞ்சிதத்துக்குக் கண் கலங்கியது.

டாக்டர் சிந்துஜா வேகமாக வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"யாரு குடிக்கக் கொடுத்தது?"

பிரகாசம் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "நான்தான் மதாம். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

"உங்களுக்கு அறிவிருக்கா? ஒருத்தர் உயிரு இது! அவருக்கும் இல்ல, பாத்துக்கற அம்மாவுக்கும் இல்ல. நாலு நாளா நாங்க எதுக்கு இங்க கெடந்து சாவறோம்? ஒரு பாட்டில் கேஸ் சோடாவ குடிச்சா வயிறு உப்பாம என்ன பண்ணும்? நாடி ஏறாம என்ன பண்ணும்? சார்கிட்ட நான் என்ன பதில் சொல்லுவேன்? எல்லாத்தையும் எழுதி வைக்கப் போறேன், நோயாளி சொன்ன பேச்சு கேக்கலன்னு…"

"திட்டறத அப்பறமா திட்டும்மா!"

ரஞ்சிதத்தின் குரல், சந்தையில் பத்துக் கடை தாண்டிக் கேட்கும் குரல், அந்த வார்டின் சுவரில் மோதித் திரும்பியது. முப்பது கட்டிலும் அடங்கின.

"எங்க புத்தி கெட்ட புத்திதான். ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லு. வாய் வழியா உள்ள போன கலரு, வயித்துக்கு வெளிய இருக்கற குழாய்க்கு எப்படி வந்துது?"

டாக்டர் சிந்துஜா பையைக் கையில் எடுத்தாள். இந்த முறை வெகுநேரம் பார்த்தாள். குழாயின் ஓரத்தை மோந்தாள். அவள் முகத்திலிருந்து கோபம் வடிந்து, இருபத்தேழு வயதுப் பெண்ணின் பயம் மட்டும் அங்கே நின்றது.

"சிஸ்டர்," என்றாள் மெதுவாக, "மெத்திலீன் ப்ளூ எடுத்துட்டு வாங்க."

அது ஒரு நீல மருந்து. கொஞ்சம் தண்ணீரில் கலந்து ஒரு வாய் குடிக்கக் கொடுத்தார்கள். பஞ்சநாதன் அந்தக் குவளைக்குள் பார்த்தான்.

"இது எங்க சொட்டு நீலமாச்சே, டாக்டரம்மா."

யாரும் சிரிக்கவில்லை. பத்து நிமிடத்துக்குள் குழாயில் நீலம் இறங்கியது. பஞ்சநாதனும் அதைப் பார்த்தான். தொழில்காரனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "சரி, அறுங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

உப்பளம் பகுதியில் தன் கிளினிக்கில் இருந்த டாக்டர் ஆனந்தராஜ் அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் பஞ்சநாதனை மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். சூசைமேரியின் வேலைநேரம் ஏழு மணிக்கு முடிந்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் ரஞ்சிதத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் டிபன் டப்பாவைத் திறந்து, "காலையில வச்ச சப்பாத்தி. தோல் மாதிரி இருக்கும். தின்னுங்க" என்றாள். ரஞ்சிதம் தின்றாள். தோல் மாதிரிதான் இருந்தது.

வெளியே வந்த டாக்டர் ஆனந்தராஜ் முகமூடியைக் கழற்றிவிட்டு, அவர்கள் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்ல. உள்ள கழுவிட்டு, திரும்பத் தச்சு, மேல கொழுப்புச் சவ்வை எடுத்து மூடியிருக்கேன். குடலுக்கு நேரா ஒரு குழாய் வச்சிருக்கு. ரெண்டு மூணு வாரம் கஞ்சித்தண்ணி எல்லாம் அது வழியாத்தான். ஒரு ராத்திரி தாமதிச்சிருந்தா விஷயம் வேற."

"பசை விட்டுப்போச்சா சார்?"

"பசை பிடிச்ச இடத்துலதான் இருந்தது. அதுக்குப் பக்கத்துல சதை நைஞ்சு, நொய்யரிசி அளவு ஓட்டை. ஆறு மாசமா சரியாச் சாப்பிடாத உடம்பு, கூடுறதுக்குத் தெம்பில்ல. உடம்பு கூடணும், அப்பத்தான் பசைக்கு மதிப்பு. அன்னிக்கு அவரு ரெசின்னு சொன்னப்ப நான் அப்படி இல்லன்னு சொல்லியிருக்கணும். அவரு சந்தோஷத்தைக் கெடுப்பானேன்னு தலையாட்டிட்டேன். தப்பு என்னுது."

"சோடா குடிச்சதுனால ஓட்டை ஆச்சா?"

"இல்லம்மா. அதுக்கு முன்னாடியே கசிய ஆரம்பிச்சிருக்கு. காலையிலயே நாடி ஓடியிருக்கே, தோள் வலி வந்திருக்கே. ஆனா குடிச்சது நல்ல காரியம்னு நான் சொல்ல மாட்டேன். உள்ள அழுக்குதான் கூடிப்போச்சு."

"காலையிலயே சொன்னேன் சார்." ரஞ்சிதம் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். "மூணு வாட்டி சொன்னேன்."

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பஞ்சநாதன் இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்துவிட்டு வார்டுக்கு வந்தான். அந்த இரண்டு நாளும் பிரகாசம் அவனுக்காக நேர்ந்துகொண்டு, ஊருக்குப் போகும்போது பழியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார். ரஞ்சிதம் புருஷனுக்கு எல்லாம் செய்தாள். துடைத்தாள், புரட்டினாள், குழாயில் கஞ்சித்தண்ணீரை அளவு பார்த்து ஊற்றினாள். பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. பையை மறைத்த அந்த ஒரு மணி நேரத்தை அவளால் விழுங்க முடியவில்லை. டாக்டர் சிந்துஜாவிடமும் அப்படித்தான். அந்தப் பெண் வந்தால் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு ஆறாம் நாள் காலை டாக்டர் சிந்துஜா வந்தாள். கோப்பு கட்டிலின் காலடியில் தொங்கியது. அதை எடுக்கவில்லை. சன்னலருகே நேராக வந்தாள்.

"அம்மா, அன்னிக்கு நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும்."

ரஞ்சிதம் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசலன்னாலும் பரவால்ல. ஆனா இன்னிக்கு அவரு எப்படி இருக்காருன்னு முதல்ல நீங்க சொல்லுங்க. அப்பறமா நான் அட்டையப் பாக்கறேன்."

ரஞ்சிதம் திரும்பினாள். அத்தனை நாளும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று மனசில் அடுக்கிவைத்திருந்தவை ஏராளம். கேட்க ஆள் கிடைத்ததும் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. டாக்டர் அவசரப்படுத்தாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டாள்.

"தோள்வலி போயிடுச்சு. ராவு நல்லா தூங்கினாரு. மூஞ்சி தெளிஞ்சிருக்குது." யோசித்தாள். முக்கியமானது ஒன்று பாக்கி இருந்தது. "விடிகாலம் அஞ்சு மணிக்கு வாயு போச்சு. ரெண்டு வாட்டி. சத்தமாவே."

வார்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அடியே!" கட்டிலிலிருந்து பஞ்சநாதன் கத்தினான். "இதையெல்லாமா ஊரறியச் சொல்லுவ?"

"நீ மறைச்சது போதும்யா," என்றாள் ரஞ்சிதம். ஐந்து நாளில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

டாக்டர் சிந்துஜா சிரிக்கவில்லை. குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல செய்தி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். "அஞ்சு மணிக்குத்தானே?" என்று மறுபடி கேட்டு, நேரத்தோடு எழுதிக்கொண்டாள்.